விளக்கு வைக்காத கூடு

ஏரியின் வடகரையில் ஒரு பனைமரம் நின்றது. அதன் ஓலை நுனிகளிலிருந்து நாற்பத்திரண்டு கூடுகள் தண்ணீருக்கு மேலே தொங்கின. அத்தனையும் தூக்கணாங்குருவிகளின் கூடுகள்.

இந்தக் குருவிகளிடம் ஓர் உயர்ந்த வழக்கம் உண்டு. ஆண்குருவி முதலில் கூட்டைப் பாதிதான் கட்டும். கவிழ்த்த சட்டி மாதிரி, குறுக்கே ஒரு கயிற்றோடு அது தொங்கும். பிறகு பெண்குருவி வந்து அந்தக் கயிற்றில் உட்காரும். நாரை அலகால் பிடித்து இழுக்கும். காலால் உதைக்கும். தலைகீழாகத் தொங்கி உலுக்கும். நார் தாங்கினால் சம்மதம். தாங்காவிட்டால் ஒரு வார்த்தை சொல்லாமல் பறந்துவிடும். ஆண்குருவி எவ்வளவு இனிமையாகப் பாடினாலும் பலிக்காது. தன் தாத்தா யார் தெரியுமா என்று கேட்டாலும் பலிக்காது. நார்தான் பேச வேண்டும்.

இப்படி எதையும் இழுத்துப் பார்த்தே ஏற்கும் குலம், ஒரே ஒரு விஷயத்தை மட்டும் இழுத்துப் பார்க்காமல் ஏற்றுக்கொண்டிருந்தது. அந்த ஒன்றால்தான் இந்தக் கதையே வந்தது.

பூளை என்ற பெண்குருவி அந்த ஆடி மாதம் நான்கு கூடுகளை வேண்டாமென்று தள்ளியிருந்தாள். ஐந்தாவது கூடு நாணல் என்பவன் கட்டியது. அவள் இழுத்த இழுப்பில் அவனுக்கு மூச்சே நின்றுவிட்டது.

"பிச்சிடாதே தாயே, மூணு நாள் வேலை," என்றான்.

"பிஞ்சா அது உன் வேலை. பிய்யலேன்னாத்தான் என் வீடு," என்றாள் பூளை.

பிய்யவில்லை. நாணல் மகிழ்ச்சியோடு மீதிக் கூட்டையும் கட்டி, அடியில் நீளமான குழாயும் வைத்து முடித்தான். உள்சுவரில் களிமண் உருண்டைகளை அப்பினான். பூளை மூன்று வெள்ளை முட்டைகள் இட்டாள். எல்லாம் நன்றாகத்தான் போயிற்று, அவன் மின்மினிப் பூச்சியைக் கொண்டுவரும் வரைக்கும்.

பொழுது சாயும் நேரம். நாணலின் அலகில் ஒரு மின்மினி விட்டுவிட்டு ஒளிர்ந்தது. அவன் அதைக் காலடியில் அழுத்திக்கொண்டு, காய்ந்த களிமண்ணை எச்சில் விட்டுக் குழைக்க ஆரம்பித்தான்.

"அதை என்ன பண்ணப் போற?" என்று பூளை கேட்டாள்.

"விளக்கு வைக்கப் போறேன். முட்டை இட்டாச்சுல்ல? அமாவாசைக்குள்ள வைக்கணும். களிமண்ணுல இறக்கையோட பதிச்சு வைக்கணும்."

"உசிரோடவா?"

"செத்துப்போனது எரியாதே."

காலடியில் அழுத்திப் பிடிக்கப்பட்டிருந்த மின்மினி அப்போது வாயைத் திறந்தது. "நடுவுல பேசறேன்னு நினைக்காதீங்க. என் பேரு மினுக்கு. நான் விடியறதுக்குள்ள செத்துருவேன். அப்புறம் எந்த விளக்கு எரியும்னு அண்ணன்கிட்ட கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க."

பூளை நாணலைப் பார்த்தாள். நாணல் ஏரியைப் பார்த்தான்.

"குழாயை ஏன் இவ்வளவு நீளமா வச்சே?" என்று பூளை கேட்டாள்.

"பாம்பு நுழையக் கூடாதுன்னு."

"கிழக்குப் பக்கத்து ஓலையில ஏன் கட்டினே?"

"மேக்காத்து அடிச்சா மரம் மறைச்சுக்கும்."

"களிமண் எதுக்கு?"

"விளக்கைப் பதிக்க."

"விளக்கு எதுக்கு?"

நாணல் களிமண்ணைக் குழைப்பதை நிறுத்தினான். "எல்லாரும் வைக்கிறாங்க," என்றான். ஒவ்வொரு முடிச்சுக்கும் காரணம் சொல்லத் தெரிந்தவனுக்கு இதற்கு மட்டும் காரணம் தெரியவில்லை. தெரியாது என்பதே அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது.

"காலை எடு," என்றாள் பூளை. மினுக்கு பறந்து போனது.

மறுநாள் காலையில் பூளை பனையின் உச்சிக்குப் போனாள். அங்கேதான் பொன்னுச்சியார் இருந்தார். அவர் விளக்கு முறைக்குத் தலைவர். தலையில் பளபளவென்று மஞ்சள் முடி. ஆண்குருவிகள் எல்லாவற்றுக்கும் அந்தப் பருவத்தில் மஞ்சள் முடி வரும், பருவம் முடிந்ததும் போய்விடும். பொன்னுச்சியாருடையது மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் பளிச்சென்று இருந்தது. அதுதான் அவருடைய தகுதி. கார்த்திகையில் அவரும் எல்லாரையும் போலச் சாம்பல் தலையோடு புல்விதை பொறுக்குவார் என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

"ஐயா, விளக்கு எதுக்கு வைக்கிறோம்?" என்றாள் பூளை.

பொன்னுச்சியார் கண்ணை மூடிக்கொண்டார். "ஆதிநெசவர் இந்த வானத்தைப் பெரிய கூடாக நெய்தார். அதன் உள்சுவரில் களிமண் அப்பினார். களிமண்ணில் மின்மினிகளைப் பதித்தார். அவைதான் நட்சத்திரங்கள். அவர் செய்ததை நாமும் செய்கிறோம். விளக்கில்லாத கூட்டில் பொரிக்கும் குஞ்சுக்குக் கண் திறக்காது. இது இருபத்தொரு தலைமுறையாக வரும் அநாதி வழக்கம்."

அநாதி என்றால் தொடக்கமே இல்லாதது என்று பொருள். பொன்னுச்சியாருக்கு இருபத்தொன்றுக்கு மேல் எண்ணத் தெரியாது. அதனால் அவருக்கு அது அநாதிதான். ஆனால் தூக்கணாங்குருவி பிறந்த இரண்டாம் ஆண்டே கூடு கட்டிக் குடும்பம் நடத்தும். அந்தக் கணக்கில் இருபத்தொரு தலைமுறை என்பது நாற்பத்திரண்டு ஆண்டு. அவர் உட்கார்ந்திருந்த பனைக்கு வயது எண்பதுக்கு மேல். பனைமரம் பேசுவதில்லை. பேசியிருந்தால் விளக்கில்லாத காலத்தைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கும்.

"நல்லா இருக்குய்யா," என்றாள் பூளை. உண்மையில் அந்தக் கதை அவளுக்குப் பிடித்திருந்தது. "ஆனா ஒண்ணு. ஆதிநெசவர் வச்ச விளக்கு ஒண்ணுகூட அணையலையே. நேத்து இருந்தது இன்னைக்கும் இருக்கு. நாம வைக்கிறது விடியறதுக்குள்ள செத்துப் போகுது. அவர் செஞ்சதையா நாம செய்யறோம்?"

பொன்னுச்சியார் கண்ணைத் திறந்தார்.

"நீ எத்தனை ஈடு முட்டை இட்டிருக்கே?"

"இதுதான் முதல் ஈடு."

"பத்து ஈடு இட்டவங்க கேக்காததை நீ கேக்கறே."

"அவங்க கேட்டிருந்தா எனக்கு வேலை மிச்சம்."

பக்கத்து ஓலையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் பொன்னுச்சியாருக்குப் பொறுக்கவில்லை. கேள்வியை அவர் மன்னித்திருக்கக் கூடும்.

"கேட்டுக்கோ. அமாவாசைக்கு இன்னும் மூணு நாள் இருக்கு. அன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள உன் கூட்டில் விளக்கு எரியணும். இல்லேன்னா காம்பை அறுத்துருவோம்."

காம்பு என்பது கூட்டை ஓலையோடு சேர்த்துக் கட்டியிருக்கும் முறுக்கு. அதை அறுத்தால் கூடு தண்ணீரில் விழும். கூட்டுக்குள் மூன்று முட்டைகள் இருந்தன. இது எல்லாருக்கும் தெரியும். தெரிந்துதான் அவர் சொன்னார்.

பூளை திரும்பி வந்து முட்டைகள் மேல் உட்கார்ந்தாள். அடுத்த கூட்டுக்காரி கொழுஞ்சி குழாய் வழியாகத் தலையை நீட்டினாள்.

"ஏண்டி, ஒரு பூச்சியைப் பிடிச்சு ஒட்டிட்டுப் போயேன். உனக்கென்ன நஷ்டம்?"

"எனக்கில்ல. பூச்சிக்கு."

"பூச்சிக்காகவா முட்டையைப் பணயம் வைக்கிறே?"

"பணயம் வச்சது நானா? அறுக்கறேன்னு சொன்னது யாருக்கா?"

கொழுஞ்சி தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். அவளும் ஐந்து முட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தாள். அவள் கூட்டில் ஒரு மின்மினி காலை வெளிச்சத்தில் காலை மடக்கிக் காய்ந்து கொண்டிருந்தது.

ஏரியின் தென்கரையில் ஓர் ஈச்சமரம் இருந்தது. அதிலும் தூக்கணாங்குருவிகள்தான். அவர்கள் விளக்கு வைப்பதில்லை என்று பூளை கேள்விப்பட்டிருந்தாள். "அவங்க பேச்சு காதுல விழுந்தாலே முட்டை அழுகிடும்," என்று வடகரையில் சொல்வார்கள். வெயில் ஏறி, கூட்டின் சூடு முட்டைகளுக்குப் போதுமென்று ஆன நேரத்தில், பூளை நேராக அங்கேதான் பறந்தாள்.

தென்கரைக்குத் தலைவி சேற்றம்மை. அகலமான உடம்பு, கனத்த குரல்.

"பெரியம்மா, நீங்க விளக்கு வைக்கிறதில்லையாமே?" என்றாள் பூளை.

"சீ! பூச்சியைக் கொன்னு கும்பிடறதெல்லாம் உங்க கரையோட போகட்டும். நட்சத்திரம் மின்மினியாமே? எவன் பறந்து போய்ப் பார்த்தான்?"

பூளைக்கு நெஞ்சு குளிர்ந்தது. தான் கேட்க நினைத்ததை யாரோ சொல்லிக் கேட்பதில் ஒரு சுகம் உண்டு. "நானும் அதையேதான் பெரியம்மா கேட்டேன்," என்றாள்.

"கேப்பே, கேப்பே. நல்ல புத்தி இருக்கறவ கேக்கத்தான் செய்வா. களிமண்ணுதான் எல்லாம். ஆதியில ஒரு பெரிய உருண்டை இருந்துச்சு. அதுலேருந்துதான் உலகம். அதனால நாங்க உள்சுவர்ல இடப்பக்கம் ஏழு உருண்டை, வலப்பக்கம் ஏழு உருண்டை வைக்கிறோம். ஒண்ணு கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

"ஏன் ஏழு?"

சேற்றம்மையின் முகம் மாறியது.

"உங்க கரையில கேட்ட கேள்வியை இங்கேயும் கேக்கறியா?"

"அங்கே கேட்டப்போ நல்ல புத்தின்னு சொன்னீங்களே."

"அது அவங்களைக் கேட்டது. இது எங்களைக் கேக்கறது."

"ஆறு உருண்டை வச்சா என்ன ஆகும் பெரியம்மா?"

"காம்பை அறுத்துருவோம்."

வடகரையும் தென்கரையும் எந்த விஷயத்திலும் ஒத்துப்போனதாகச் செய்தி இல்லை. சூரியன் எந்தப் பக்கம் மறைகிறது என்பதில்கூட அவர்களுக்குள் சண்டை உண்டு. ஆனால் இந்த ஒரு வாக்கியத்தை இரண்டு கரையும் எழுத்து மாறாமல் சொன்னது.

"வெளியே போ, விளக்குக்காரி," என்று நாலைந்து குருவிகள் சேர்ந்து பூளையைத் துரத்தின. வடகரையில் விளக்கு வைக்காத குற்றத்துக்கு அவளைத் திட்டினார்கள். தென்கரையில் விளக்குக்காரி என்று திட்டினார்கள். இதை எண்ணிச் சிரிப்பதா கோபப்படுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கோபமே படலாம் என்று முடிவு செய்தாள்.

திரும்பும் வழியில் ஒரு பாழுங்கிணறு. அதன்மேல் சாய்ந்த கருவேல மரத்தில் போன ஆண்டுக் கூடுகள் இரண்டு தொங்கின. யாரும் இல்லாத கூடுகள். ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. ஒரு கூடு கன்னாபின்னாவென்று சுழன்று ஆடியது. இன்னொன்று, பெரிய மாடு நடப்பது மாதிரி, மெதுவாக அசைந்தது. இரண்டும் ஒரே அளவு, ஒரே கிளை.

பூளை இரண்டுக்குள்ளும் நுழைந்து பார்த்தாள். ஆடாத கூட்டில் களிமண் இருந்தது. விளக்கு இல்லை. உருண்டைகளை எண்ணினாள். இடப்பக்கம் நான்கு, வலப்பக்கம் ஒன்பது. ஆடிய கூட்டில் களிமண்ணே இல்லை.

அவள் பக்கத்து வேப்பமரத்துக்குப் போய் மூன்று வேப்பம்பழங்களைக் கொண்டுவந்தாள். ஆடிய கூட்டில் முட்டை வைக்கும் இடத்தில் போட்டாள். ஒரு காற்று. மூன்றும் உருண்டு குழாய் வழியாகக் கிணற்றில் விழுந்தன. மறுபடி மூன்று பழங்களைக் கொண்டுவந்து களிமண் கூட்டில் போட்டாள். காற்று வந்தது, போனது. பழங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. அவளுக்கு இன்னும் நிச்சயம் வரவில்லை. அதனால் மறுபடியும் முதலிலிருந்து செய்தாள். மொத்தம் ஐந்து முறை. அலகு கசந்துபோயிற்று.

"கனம்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "களிமண் வெறும் கனத்துக்குத்தான்."

அவள் சந்தோஷமாகப் பறந்து வந்தாள். எல்லாரும் கேட்டால் மகிழ்ந்துபோவார்கள் என்று நினைத்தாள். இந்த ஒரு விஷயத்தில் அவளும் எதையும் இழுத்துப் பார்க்கவில்லை.

அமாவாசை அன்று மத்தியானம் பனையில் கூட்டம் கூடியது. பூளை வேப்பம்பழத்தின் கதையை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"களிமண்ணை வைங்க. நல்லா வைங்க. முட்டையைக் காப்பாத்தறது அதுதான். எத்தனை உருண்டைங்கிறது முக்கியமில்லை. மின்மினியை விட்டுருங்க. அதனால ஒரு உபகாரமும் இல்லை. வானத்தைப் பார்த்துக் கும்பிடணும்னா கும்பிடுங்க, நானும் கும்பிடறேன். அதுக்கு ஒரு உசிர் எதுக்கு? சந்தேகமா இருந்தா கிணத்துக்கு வாங்க. பழம் நானே கொண்டாறேன்."

சில குருவிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. கிணறு பக்கத்தில்தான் இருந்தது. போய்ப் பார்த்திருக்கலாம். இறக்கையை நாற்பது முறை அடித்தால் போதும்.

பொன்னுச்சியார் மெதுவாகக் கேட்டார். "களிமண்ணுதான் முக்கியம்னு யாரு சொல்வாங்க?"

"காத்து சொல்லுது," என்றாள் பூளை.

"தென்கரைக்காரங்க சொல்வாங்க. நீ தென்கரைக்குப் போனியா, இல்லையா?"

"போனேன். ஆனா..."

"போனாளாம்!" என்று கூட்டம் கத்தியது.

அதற்குப் பிறகு களிமண் முட்டையைக் காக்குமா காக்காதா என்ற பேச்சே எழவில்லை. களிமண் யாருடையது என்பதுதான் பேச்சாயிற்று. ஒரு சொல் உண்மையா என்று பார்ப்பதைவிட, அது யார் வாயிலிருந்து வந்தது என்று பார்ப்பது சுலபம். முன்னதற்குக் கிணறு வரை பறக்க வேண்டும். பின்னதற்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தலாம்.

பொன்னுச்சியார் அங்கேயே ஆணையிட்டார். "இனி வடகரைக் கூட்டில் தென்கரை மண் இருக்கக் கூடாது. சுரண்டிப் போடுங்கள். விளக்கை நாரால் கட்டுங்கள்."

களிமண் அவர்கள் கரையிலேயே எடுத்தது. அவர்கள் தாத்தாக்கள் அப்பிக் காட்டியது. இருபத்தொரு தலைமுறை அநாதி வழக்கத்தில் பாதி அது. ஒரு மத்தியானத்தில் நாற்பத்தோரு கூடுகளிலிருந்து அதைச் சுரண்டித் தண்ணீரில் போட்டார்கள். யாரும், "ஐயா, நேற்று வரை இது புனிதமாக இருந்ததே?" என்று கேட்கவில்லை. எனக்கு மற்றதெல்லாம்கூட ஆறும். இது ஆறாது.

பொழுது சாய்ந்தது. நாற்பத்தோரு மின்மினிகளைப் பிடித்து இடுப்பில் நார் கட்டித் தொங்கவிட்டார்கள். பூளையின் கூடு மட்டும் இருட்டாக இருந்தது.

"நாணல்," என்று கூப்பிட்டார் பொன்னுச்சியார். "கட்டினவன் நீ. காம்பையும் நீயே அறு."

நாணல் பறந்துபோய்க் காம்பின்மேல் உட்கார்ந்தான். அவன் வீரன் அல்ல. ஊரோடு ஒத்துப்போய்ப் பிழைப்பவன். அந்த வாரம் வேறொரு ஓலையில், வேறொரு பெண்குருவிக்காக, இன்னொரு கூட்டுக்கும் நார் சுற்ற ஆரம்பித்திருந்தான். அவர்கள் குலத்தில் அது குற்றமில்லை, ஆகவே நானும் குற்றம் சொல்லவில்லை. ஊர் சொன்னபடி அறுத்துவிட்டுப் போயிருந்தால் அவனுக்கு ஒரு குறையும் வந்திருக்காது.

பூளை முட்டைகள் மேல் உட்கார்ந்தபடியே உள்ளிருந்து சொன்னாள். "அறு. ஆனா எதுக்கு அறுக்கறேன்னு எனக்குச் சொல்லிட்டு அறு."

நாணல் அலகைத் திறந்தான். காம்பில் வைத்தான். அது அவன் கட்டிய முதல் முடிச்சு. அதில் எந்த நார் எந்தப் பக்கம் போகிறது என்று அவனுக்குத் தெரியும். ஏன் போகிறது என்றும் தெரியும். பிறகு அலகை எடுத்தான்.

"எனக்குத் தெரியலைங்கய்யா," என்றான். "தெரியாத ஒண்ணுக்காக, தெரிஞ்சு கட்டினதை அறுக்க முடியலை."

"அப்போ காலையில எல்லாரும் சேர்ந்து அறுப்போம்," என்றார் பொன்னுச்சியார். விளக்கு நேரம் தவறக் கூடாது என்று அவர் அவசரமாக உச்சிக்குப் போய்விட்டார்.

அவர் போன சற்றைக்கெல்லாம் காற்று எழுந்தது. ஆடிக் காற்றில் அது ஒன்றும் அதிசயமான காற்று அல்ல. ஆண்டுதோறும் இரண்டு மூன்று முறை அடிக்கும் காற்றுதான். நாற்பத்திரண்டு ஆண்டுகளாக அந்தக் கூடுகள் அதைத் தாங்கித்தான் வந்திருந்தன.

காலையில் ஏரி அமைதியாக இருந்தது. தண்ணீரில் களிமண் கலங்கல். அதில் அங்கங்கே வெள்ளை முட்டைகள் மிதந்தன. முப்பத்தைந்து கூடுகளில் ஒரு முட்டைகூட மிஞ்சவில்லை. நாரில் கட்டிய மின்மினிகள் எல்லாம் செத்துத் தொங்கின. பெண்குருவிகள் ஓலைகளில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்தன. அழக்கூடத் தோன்றாத பார்வை அது.

பூளையின் கூட்டில் மூன்று முட்டைகளும் அப்படியே இருந்தன.

பொன்னுச்சியார் உச்சியிலிருந்து இறங்கி வந்தார். அவருக்குத் துக்கம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் துக்கத்துக்கு முன்னால் அவரிடம் ஒரு விளக்கம் தயாராக இருந்தது. "பார்த்தீங்களா? ஒரு கூட்டில் விளக்கு இல்லாத பாவம், ஊரையே அடிச்சிருச்சு."

கொழுஞ்சி திரும்பினாள். அவளுடைய ஐந்து முட்டைகளும் தண்ணீரில் இருந்தன.

"பாவம் அந்தக் கூட்டுல. முட்டை போனது என் கூட்டுலயா?" என்றாள்.

"அது ஆதிநெசவர் நம்மைச் சோதிக்கிற..."

"என்னை ஏன் சோதிக்கணும்? நான் விளக்கு வச்சேனே. மண்ணையும் சுரண்டினேனே. நீங்க சொன்னதெல்லாம் செஞ்சவளைச் சோதிச்சிட்டு, செய்யாதவளை விட்டுட்டாரா? அப்படின்னா அவர் பூளை பக்கம்தானே இருக்கார்?"

வடகரையில் இவ்வளவு பேர் இவ்வளவு நேரம் யோசித்தது அதுவே முதல் தடவை.

"இப்போ காம்பை அறுக்கணும்கிறவங்க," என்றாள் கொழுஞ்சி, "முதல்ல எனக்குப் பதில் சொல்லிட்டு அறுங்க."

யாரும் காம்புப் பக்கம் போகவில்லை. பொன்னுச்சியார் மட்டும் விடவில்லை. "இருங்க, அவ குஞ்சு பொரிக்கட்டும். கண் திறக்குதான்னு பார்ப்போம்," என்றார்.

காற்றடித்த ஆறாம் நாள் மூன்று குஞ்சுகள் பொரித்தன. பொன்னுச்சியார் முதல் ஆளாக வந்து குழாயில் தலையை விட்டுப் பார்த்தார். வெளியே வந்தபோது அவர் முகத்தில் பெரிய வெளிச்சம்.

"மூணும் குருடு! நான் சொன்னேன்ல?"

எல்லாரும் பூளையைப் பார்த்தார்கள். பூளை கொழுஞ்சியைப் பார்த்தாள். கொழுஞ்சி தலையைச் சாய்த்தாள்.

"ஐயா, உங்களுக்கு இதுவரைக்கும் எத்தனை குஞ்சு?"

"எண்ணி முடியாது."

"ஒண்ணையாவது பிறந்த அன்னைக்கு எட்டிப் பார்த்திருக்கீங்களா? எந்தக் குஞ்சு கண்ணைத் திறந்துக்கிட்டுப் பொரிச்சது? என் குஞ்சுங்க எல்லாம் மூடித்தான் இருந்துச்சு. விளக்கு வச்சும் மூடித்தான் இருந்துச்சு. அஞ்சாம் நாள் தானாத் திறந்துச்சு."

"என் குஞ்சும் அப்படித்தான்," என்றது ஒரு குரல். "என்னுதும்," என்றது இன்னொன்று. மரத்தில் இருந்த எல்லாத் தாய்க்கும் அது தெரிந்தே இருந்தது. இருபத்தொரு தலைமுறைத் தாய்களும் தங்கள் கண்ணாலேயே பார்த்திருந்தார்கள். பார்த்ததை ஒரு பக்கமும் கேட்டதை இன்னொரு பக்கமும் வைத்துவிட்டு, இரண்டையும் சேர்த்துப் பார்க்காமலே வாழ்ந்து போயிருந்தார்கள்.

பொரித்த ஐந்தாம் நாள் பூளையின் குஞ்சுகள் கண் திறந்தன. முதல் குஞ்சு பார்த்த முதல் வெளிச்சம் குழாய் வாயில் வந்து நின்ற மினுக்கினுடையது. "சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்," என்றது மினுக்கு. "தள்ளியே நிக்கறேன். பழக்கம் இன்னும் போகலை."

கார்த்திகை வந்தது. பொன்னுச்சியாரின் தலை சாம்பல் நிறமாயிற்று. அவர் எல்லாரோடும் சேர்ந்து புல்விதை பொறுக்கினார். யாரும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. அதில்தான் எனக்கு வருத்தம். அப்போதுதான் கேட்டிருக்க வேண்டும்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். ஆனால் அடுத்த ஆடியில் பூளை கூடு தேடி ஓலை ஓலையாகப் போனபோது ஒரு வேடிக்கையைக் கண்டாள். ஒவ்வொரு பாதிக் கூட்டிலும் ஒரு பெண்குருவி உட்கார்ந்திருந்தது. ஒவ்வொன்றும் கிழக்கே திரும்பி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, நாரை மெல்ல மூன்று முறை தொட்டு இழுத்தது. பிறகு, "தாங்கிற்று, தாங்கிற்று, தாங்கிற்று," என்று பாடியது.

"என்ன பண்றீங்க?" என்று பூளை, அந்த மரத்துக்குப் புதிதாக வந்த ஒருத்தியைக் கேட்டாள்.

"கும்பிடறோம். பூளையம்மா இப்படித்தான் மூணு முறை இழுத்தாங்களாம். அவங்க கூடு அதனாலதான் விழலை."

"அவ பன்னிரண்டு முறை இழுத்தா. கண்ணைத் திறந்துக்கிட்டு இழுத்தா. நார் தாங்குதான்னு பாக்க இழுத்தா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் பூளை."

அந்தக் குருவி அவளை மேலும் கீழும் பார்த்தது. "பூளையம்மா இவ்வளவு சின்னதா இருக்க மாட்டாங்க. இப்படியெல்லாம் பேசினா காம்பை அறுத்துருவாங்க, தெரியும்ல?"

பூளைக்கு வந்த கோபத்தை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் இந்தப் புத்தகத்தைக் குழந்தைகளிடம் கொடுக்க முடியாது.

அவள் விருட்டென்று பறக்கப் போனபோது, மரத்தின் கடைசி ஓலையில் ஒரு சத்தம் கேட்டது. சடக். தென்கரையிலிருந்து கூடு பார்க்க வந்திருந்த ஒரு பெண்குருவி, அலகில் அறுந்த நாரோடு தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கட்டிய ஆண்குருவி பதறினான்.

"மூணு முறைதாங்க இழுக்கணும். அதுவும் மெதுவா. அதுதான் இங்க முறை."

"உன் முறை எனக்குத் தெரியாது. உன் நார் அறுந்துபோச்சு, அது தெரியுது," என்றாள் அவள். நாரை அவன் காலடியில் போட்டாள். கண்ணை அகலத் திறந்து அடுத்த கூட்டைப் பார்த்தாள். அதை நோக்கிப் பறந்தாள்.

பூளை அவளுக்கு முந்திப் போய், அந்தக் கூட்டின் கயிற்றில் அவளுக்காகப் பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்தாள்.

யார் சொன்னாலும், எத்தனை தலைமுறை சொன்னாலும், இந்தக் கதையே சொன்னாலும், நீயே இழுத்துப் பார்த்த பிறகுதான் அதில் முட்டை இட வேண்டும்.